நெட்டக்காலுக்கு ஒரு சைக்கிள்

எங்க தேயிலைத் தோட்டத்துப் பெரிய கங்காணி செத்த அன்னைக்கு நானும் போயி ஒப்பாரி வச்சேன். நல்லாவே வச்சேன். பக்கத்துல குந்தியிருந்தவ என் முதுகத் தடவி, "போதும் ஆத்தா, ஒடம்புக்கு ஆகாது"ன்னா. அவளுக்கு என்ன தெரியும். நான் மாரடிச்சுக்கிட்டே ஒரு சைக்கிள நெனச்சுக்கிட்டு இருந்தேன். சிரிப்பு வந்துரும்போல இருந்துச்சு, அதான் சத்தத்தக் கூட்டுனேன்.

எங்க தோட்டம் எலங்கையில மடுல்சீமைப் பக்கம். பசறையில இருந்து ஏழு மைலு, அம்புட்டும் ஏத்தம். காலையில நடந்து எறங்கி, பசறைத் தபால் கந்தோர்ல தோட்டத்துத் தபால் பைய வாங்கி, திரும்ப ஏழு மைலு ஏறி வந்து தொர பங்களாவுல வைக்கிறது எங்க வீட்டுக்காரரு வேல. அவருக்கு அந்த வேல கெடைச்சதே அவரு காலாலதான். மத்தவங்க மூணு எட்டு வைக்கிற எடத்த இவரு ரெண்டு எட்டுல தாண்டிருவாரு. நாங்க குடியிருந்த லயத்து வாசப்படியில தலைய இடிச்சு இடிச்சு நெத்தியில ஒரு தழும்பே விழுந்துருச்சு. எனக்குக் கல்யாணம் பேசுனப்ப, "மாப்பிள்ளைக்கு ஒன்னும் கொறையில்ல, கொஞ்சம் நீளம்"ன்னுதான் சொன்னாங்க.

ஆனா அம்புட்டு ஒசரத்தையும் அந்த மனுசன் திருட்டுச் சாமானு மாதிரி ஒளிச்சு வச்சிருப்பாரு. கோட்டுப் போட்ட ஆளு எதிர்ல வந்தாப் போதும், முழங்காலு மடங்கும், முதுகு வளையும், தோளு உள்ள போயிரும். தலைப்பாவ அவுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டு நிப்பாரு பாருங்க, என்னைவிடக் குட்டையாத் தெரிவாரு. பயந்தவருன்னு சொல்ல மாட்டேன். காட்டுப்பன்னிய கம்பால வெரட்டுனவரு. கோட்டுக்கு மட்டும் வளைவாரு. சின்னதுல இருந்து அப்பிடிப் பழக்கிட்டாங்க.

வெள்ளக்காரங்க பெரிய சண்ட முடிஞ்சு ஒரு புதுத் தொர வந்தாரு. அவருக்குப் பகல் சாப்பாட்டுக்கு முன்னாடி கடுதாசியும் பேப்பரும் கையில இருக்கணும். ஒரு நாளு இவரக் கூப்பிட்டு, தொரைத் தமிழ்ல சொன்னாரு: "பக்கத்துத் தோட்டம் தபால்காரன் சைக்கிள் போகுது. நீயும் சைக்கிள் வாங்கு. பன்னெண்டு மணிக்கு முன்னால பை மேசை மேல. மாசக் கடைசி வரைக்கும் நான் பாக்கும். முடியாது, வேற ஆளு."

வேற ஆளு யாருன்னு தோட்டத்துக்கே தெரியும். பெரிய கங்காணியோட மருமகன். வேல வெட்டியில்லாம, எண்ண தேச்ச தலையோட, அவரு வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு இருப்பான். தபால் போச்சுன்னா எங்க வீட்டுக்காரரு திரும்பக் கான் வெட்டப் போகணும். மழத்தண்ணி மண்ண அரிச்சுக்கிட்டுப் போகாம இருக்க மலையில வெட்டுவாங்களே வாய்க்கா, அதத்தான் கான்னு சொல்லுவோம். ரெண்டு வருசம் அந்த வேல பாத்து முதுகு புடிச்சு, ஒரு மழக்காலம் பூரா குப்புறவே படுத்துக் கெடந்தாரு. நான்தான் எண்ண போட்டு மிதிச்சு எழுப்பிவிட்டேன். இன்னொரு தடவ போனா எந்திரிக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியும்.

அன்னைக்குச் சாயங்காலமே பெரிய கங்காணி எங்க லயத்துக்கு வந்தாரு. கருப்புக் கோட்டு, வெள்ளித் தடி, கொட. பின்னால மருமகன் ஒரு சைக்கிளத் தள்ளிக்கிட்டு வந்தான்.

"தொர சொன்னது கேள்விப்பட்டேன்டா. நம்ம பய கஷ்டப்படக் கூடாதுல்ல. பதுளைக்குப் போனா கண்டபடி வெல சொல்லுவான். இது என் சொந்த வண்டி. கொறஞ்ச வெலைக்குக் குடுக்குறேன், எடுத்துக்க."

கங்காணி என் இடுப்பு ஒசரம். அவரு சைக்கிளு எப்பிடி இருக்கும்னு நீங்களே நெனச்சுப் பாருங்க. இவரு வழக்கம்போல முழங்கால மடக்கிக்கிட்டு, வளைஞ்சு நின்னாரு. கங்காணி சைக்கிளக் கொண்டுபோயி இவரு இடுப்போட ஒட்டி வச்சாரு.

"பாரு, சீட்டு ஒன் இடுப்புக்குச் சரியா நிக்கிது. ஒனக்குன்னே அளந்து செஞ்ச மாதிரி."

சரியாத்தான் நின்னுச்சு. இவரு அவருக்குப் பணிஞ்சு நின்ன ஒசரத்துக்குச் சரியா நின்னுச்சு. நான் கதவு மறைவுல இருந்து பாத்தேன். நிமிந்து நில்லுங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். ஆம்பளைங்க பேசுற எடத்துல நமக்கென்னன்னு வாய மூடிக்கிட்டேன். அதுக்கப்புறம் நான் வாய மூடவே இல்ல, அது வேற. சைக்கிளு வெலைக்கு என் காதுல கெடந்த தண்டட்டி ரெண்டும் அன்னைக்கே அவரு மடிக்குப் போயிருச்சு.

மறுநாளு ரோட்டுல ஏறி ஒக்காந்தாரு பாருங்க. முழங்காலு ரெண்டும் ஹேண்டில்ல இடிக்கிது. உள்ள மடக்குனா நெஞ்சுல இடிக்கிது. வெளிய விரிச்சாத்தான் மிதிக்க முடியும், அதனால தவளை மாதிரி காலப் பரப்பிக்கிட்டு மிதிச்சாரு. சீட்ட மேல தூக்கலாம்னு பாத்தா, கம்பி பத்தல. மூங்கில் துண்டு ஒன்ன வெட்டி முட்டுக் குடுத்தாரு. அது மூணாம் நாளு ஒடஞ்சு, சீட்டோட வந்து செடிக்குள்ள விழுந்தாரு. முழங்கால்ல தோலு இல்ல. பை வந்து சேந்தப்ப மணி ரெண்டு.

பெரட்டுன்னு ஒன்னு உண்டு. காலையில எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு வேல பிரிக்கிறது. அந்தப் பெரட்டுக் களத்துல, அம்புட்டுப் பேருக்கும் கேக்குற மாதிரி கங்காணி சொன்னாரு: "நேத்துப் பாத்தீங்களாடா? கொக்கு முட்ட மேல குந்துன மாதிரி போறான் நம்ம தபால்காரன். இவனுக்குச் சைக்கிளு ஆகாது, ஏணிதான் ஆகும்."

எல்லாரும் சிரிச்சாங்க. அவரு சிரிச்சா சிரிக்கணும்ல. இவரும் சேந்து சிரிச்சாரு, அதான் எனக்குத் தாங்கல. மருமகன் சிரிக்கிறப்ப அவன் பல்லு வரிசைய நான் எண்ணி வச்சுக்கிட்டேன். கங்காணியப் பாத்தேன். ஒம்ம நான் இந்த ரோட்டுலயே வழி விட வைக்கல, நான் எங்க அப்பனுக்குப் பொறக்கலன்னு அங்கனயே நெனச்சேன். வாயி மட்டும் ஈன்னு இளிச்சுக்கிட்டு இருந்துச்சு.

மாசம் முடிய பதினெட்டு நாளு இருந்துச்சு.

மொதல்ல அளவு. இவர நிக்க வச்சு அளந்தா பிரயோசனமில்ல, என்னைக்குமே முழுசா நிமிர மாட்டாரு. ஞாயித்துக்கெழம பகல்ல சோத்தத் தின்னுட்டு மல்லாக்கப் படுத்துத் தூங்குனாரு. தூங்குறப்ப யாருக்கும் பணிய மாட்டாங்கல்ல. நான் என் மட்டக்கம்ப எடுத்தேன். கொழுந்து எடுக்கையில செடி மேல படுக்க வைப்போமே, அந்த நீட்டுக் குச்சி. அதுக்கு மேல தலைகாட்டுற கொழுந்த மட்டும்தான் கிள்ளணும், செடியெல்லாம் ஒரே மட்டமா இருக்கும். அந்தக் கம்ப அவரு காலோட சேத்து வச்சு, குதிங்காலுல இருந்து கவட்ட வரைக்கும் அளந்து கத்தியால ஒரு வெட்டுப் போட்டேன். கைக்கு ஒரு வெட்டு. ஒடம்புக்கு ஒரு வெட்டு. பாதியில கண்ண முழிச்சுட்டாரு.

"என்ன புள்ள, பாடைக்கு அளக்குறியா?"

"ஆமாங்க, இம்புட்டு நீளத்துக்கு மூங்கில் கெடைக்குமான்னு பாக்குறேன். தூங்குங்க."

அரிசி ஏத்தப் பதுளைக்குப் போற தோட்டத்து மாட்டு வண்டி காலியாத்தான் எறங்கும். வண்டிக்காரரு எனக்குச் சித்தப்பா மொற. அடுத்த வாரம் அந்த வண்டியில கங்காணி சைக்கிளப் போட்டு, இவர ஏத்தி, நானும் மட்டக்கம்போட ஏறிட்டேன். ரெண்டு நாளைக்கு இவரு தம்பி நடந்து போயித் தபால் எடுக்குறதுன்னு பேச்சு.

பதுளைக் கடைவீதியில ஒரு நானா, முஸ்லிம் ஆளுங்கள அப்பிடித்தான் கூப்பிடுவோம், பழைய சைக்கிளு வாங்கி விக்கிறவரு. செவப்புத் துருக்கித் தொப்பி, வெள்ள சாரம், மேல கோட்டு. கோட்டப் பாத்ததும் எங்க ஆளத்தான் தேடுனேன். திரும்பிப் பாக்குறேன், எங்க ஆளு அதுக்குள்ள அர ஆளாயிட்டாரு.

நானா கங்காணி சைக்கிளச் சுத்திப் பாத்தாரு. "இது பொடியன்மார் ஓட்டுற வண்டி புள்ள. இத ஆரு இந்த மனுசனுக்குத் தலையில கட்டின?"

"எங்களுக்கு ரொம்ப வேண்டப்பட்டவரு நானா. அவரு நல்லா இருக்கணும்னுதான் நான் தெனமும் வெளக்கேத்துறேன்."

அவரு அளவு நாடாவ எடுத்து இவரு கால அளந்தாரு. அளந்துட்டு நடுத்தரமா ஒரு சைக்கிளக் காட்டினாரு. நான் மட்டக்கம்பக் கொண்டுபோயி பக்கத்துல நட்டேன். என் வெட்டு ஒரு சாணு மேல நின்னுச்சு.

"என்ன புள்ள இது, ஒங்கட கம்பு வளந்துட்டா?"

"கம்பு வளரல நானா, ஆளு சுருங்கிட்டாரு. நீங்க கோட்டுப் போட்டிருக்கீங்கல்ல. இது அவரு தூங்கையில எடுத்த அளவு."

நானா என்னையும் பாத்தாரு, அவரையும் பாத்தாரு. சிரிக்கல. கோட்ட வாங்கி மாட்டுனதுலருந்து அவரு முன்னாடி எத்தன பேரு இப்பிடிச் சுருங்குனாங்களோ, வெளங்கிருச்சுபோல. கூரைய நோக்கிக் கைய நீட்டி, "தம்பி, அந்தா மேல தொங்குதே, அந்தச் சக்கரத்துல காத்து ஈக்கா பாருங்கோ"ன்னாரு. இவரு அண்ணாந்தாரு. அண்ணாந்தா வளைய முடியாதுல்ல. முதுகு நிமிந்துச்சு, முழங்காலு நிமிந்துச்சு, தலை போயி உத்தரத்துல இடிச்சுச்சு. நானா சட்டுன்னு நாடாவப் புடிச்சாரு. என் வெட்டும் நாடாவும் ஒன்னா நின்னுச்சு.

"தூங்கின ஆளுதான் மெய் சொல்லீக்கி"ன்னு அவரு அப்பத்தான் சிரிச்சாரு.

மேல தொங்குனதே எங்களுக்கான வண்டிதான். நமுனுகுலப் பக்கத்துல பனைமரமாட்டம் ஒரு தொர இருந்து, சீமைக்குப் போறப்ப வித்துட்டுப் போனதாம். கயித்த அவுத்துக் கீழ எறக்குனாங்க. அம்மாடி, என் தோளு ஒசரத்துக்குச் சீட்டு. நானா ஒவ்வொன்னாச் சொல்லிச் சொல்லிப் பாத்தாரு. நடுக் கம்பிக்கு மேல கால விரிச்சு நின்னா, கவட்டைக்கும் கம்பிக்கும் நடுவுல ரெண்டு வெரலு போற எடம் வேணும். சீட்டக் கக்கத்துல வச்சுக் கைய நீட்டுனா, நடு வெரலு மிதி சுத்துற அச்சத் தொடணும். சீட்டு மூக்குல முழங்கைய வச்சா, வெரலு ஹேண்டிலு கிட்டப் போகணும். ஏறி ஒக்காந்து குதிங்கால மிதியில வச்சா, கீழ போறப்ப காலு நேரா நீளணும், இடுப்பு ஆடக் கூடாது. எல்லாம் சரியா நின்னுச்சு. சீட்ட மட்டும் ஒரு வெரக்கட எறக்குனாரு.

கடைக்கு முன்னாடி மட்ட ரோட்டுல ஏறி மிதிச்சாரு எங்க ஆளு. பாத்தா இன்னமும் தவளை மாதிரி காலப் பரப்பிக்கிட்டே போறாரு. "காலச் சேத்துக்கங்க, இப்ப இடிக்க அங்க ஒன்னும் இல்ல"ன்னு பின்னாலயே ஓடிக் கத்துனேன். கொஞ்சங் கொஞ்சமாச் சேத்தாரு. கடைவீதியே நின்னு பாத்துச்சு. நானும் பாத்தேன். கல்யாணமாகி ஆறு வருசத்துல எங்க வீட்டுக்காரரோட முழு ஒசரத்த அன்னைக்குத்தான் பாத்தேன்.

நானா வெல சொன்னாரு. நல்ல வண்டி, நல்ல வெல.

நான் சொன்னேன்: "நானா, இது எத்தன வருசமாத் தொங்குது?"

"மூணு."

"இன்னும் முப்பது வருசம் தொங்கும். இத வாங்கப் பதுளையில யாரு இருக்கா? கவர்மெண்டு கச்சேரி ஐயாமாரு ஏணி வச்சு ஏறுவாங்களா? எங்க ஆளு போயிட்டா, அப்புறம் அந்தத் தொரையே திரும்பி வந்தாத்தான் ஒங்களுக்கு யாவாரம். ஆனா கங்காணி வண்டி இருக்குல்ல, குட்ட வண்டி, அது நாளைக்கே போகும். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க எத்தன."

"ஒங்கட ஊட்டுக்காரர் பேச மாட்டாரா?"

"பேசுவாரு. வெல கொறையிறதுக்கு முன்னாடி நன்றி சொல்லிருவாரு, அதான் நான் பேசுறேன்."

குட்ட வண்டிய எடுத்துக்கிட்டு, கோழி வித்துச் சேத்து நான் முடிச்சு வச்சிருந்ததயும் வாங்கிக்கிட்டு குடுத்துட்டாரு. பிரேக்குக்குப் புது ரப்பரும் போட்டுக் குடுத்தாரு. நான் கெளம்பாம நின்னேன்.

"இன்னம் என்ன ஓணும்?"

"மணி. இருக்குறதுலயே பெரிய சத்தமா ஒன்னு போடுங்க. எங்க தோட்டத்துல சில பேருக்குக் காது மந்தம்."

தோட்டத்துக்குத் திரும்பி மொத ரெண்டு நாளு நல்லாப் போச்சு. பதினோரு மணிக்கே பை மேசையில. தொர மீசையத் தடவிக்கிட்டாரு. மூணாம் நாளு பன்னெண்டரை. நாலாம் நாளு ஒரு மணி. சைக்கிளு நல்லாத்தான் இருக்கு, காத்து இருக்கு, செயினு இருக்கு. கேட்டா சொல்ல மாட்டேங்குறாரு. சோத்தப் போடாம வச்சிருந்து கேட்டேன், சொன்னாரு.

"கங்காணி ஐயா ரோட்டுல நிக்கிறாரு புள்ள. எறங்கணும்ல."

அது ஒரு வழக்கம். பெரிய கங்காணியோ தொரையோ எதுக்க வந்தா, கொடைய மடக்கணும், செருப்பக் கழட்டணும், சைக்கிள்னா எறங்கித் தள்ளிக்கிட்டு அவங்களத் தாண்டணும். தோட்டத்து எல்லையில ரோடு மூணு மொடக்கா வளைஞ்சு ஏறும். அந்த ஏத்தத்துல ஓட்டம் விடாம மிதிச்சாத்தான் மேல வரலாம். ஒரு தடவ எறங்குனா அம்புட்டுதான், திரும்ப ஏற முடியாது, மேல வரைக்கும் தள்ளணும். மறுநாளு அந்த மொடக்குக்கு மேல எங்களுக்குக் கொழுந்து. செடிக்குள்ள நின்னு பாத்தேன். மொத மொடக்குல கங்காணி கொடையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. இவரு எறங்கிக் கும்பிட்டுத் தள்ளிக்கிட்டுப் போறாரு. ஒரு மட்டமான எடத்துல திரும்ப ஏறுறாரு. அதுக்குள்ள கங்காணி குறுக்குப் படியில வேட்டியத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, மூச்சு வாங்க வாங்க ஏறி, ரெண்டாவது மொடக்குல வந்து அப்பத்தான் வந்தவரு மாதிரி நிக்கிறாரு. திரும்பவும் எறக்கம், கும்புடு. அப்புறம் மூணாவது மொடக்குல. அந்தத் தொப்பைக்கு அந்தப் படி லேசில்ல. மருமகன் மேல எம்புட்டுப் பாசம் பாருங்க.

மாசம் முடிய ஆறு நாளு இருந்துச்சு.

கொழுந்து நிறுக்குற மடுவத்துக்குத் தொர வருவாரு. அன்னைக்குக் கங்காணி அவரு பக்கத்துலயே நின்னாரு. நான் என் கூடையத் தராசுல வச்சுட்டு, முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு, ஒன்னும் தெரியாத பாப்பா மாதிரி கேட்டேன்.

"தொரைங்களே, ஒரு சந்தேகமுங்க. தபால் பை வர்றப்ப ரோட்டுல எரும நின்னா எங்க வீட்டுக்காரரு என்னங்க செய்றது?"

தொர நிமிந்தாரு. "எரும நிக்குதா? அதுக்கா லேட்டு?"

"மொடக்குக்கு மொடக்கு வந்து நிக்கிதுங்க."

கங்காணி மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. "ஏ புள்ள, கூடைய எடுத்துக்கிட்டு நகரு"ன்னாரு.

தொர விடல. "மணி அடி. எரும போகும்."

"போகலைன்னாங்க?"

"போகணும். தபால் நிக்கக் கூடாது. சக்கரவர்த்தி தபால்."

"எருமைக்கு மட்டுங்களா, இல்ல எல்லாத்துக்குமுங்களா?"

"எல்லாத்துக்கும். மாடு, மனுசன், எல்லாம் வழி விடும். நான் வந்தாலும் நான் வழி விடும்."

"பெரட்டுல ஒரு வார்த்த சொல்லச் சொன்னீங்கன்னா நல்லதுங்க. சொன்னாத்தான சனங்களுக்குத் தெரியும்."

தொர கங்காணி பக்கம் திரும்பி, "நாளைக்குப் பெரட்டுல சொல்லு"ன்னாரு. கங்காணி, "ஆகட்டும் தொரைங்களே"ன்னாரு. வெத்தலையோட நாக்கையும் சேத்துக் கடிச்ச மாதிரி இருந்துச்சு அந்தக் கொரலு.

மறுநாளு பெரட்டுல தொர குதிர மேல இருந்து பாத்துக்கிட்டு இருக்க, கங்காணி தொண்டையக் கனச்சுக்கிட்டு, "தபால் வண்டி வர்றப்ப ஆடு மாடுங்கள ரோட்டுல விடக் கூடாது"ன்னு முடிக்கப் பாத்தாரு. பொம்பளைங்க வரிசையில இருந்து நான், "மனுசங்களும்னு தொர சொன்னாருங்களே"ன்னேன். தொர தலைய ஆட்டுனாரு. "மனுசங்களும்"னு சொன்னாரு கங்காணி. "சத்தமாங்க, பின்னால கேக்கல"ன்னேன். இன்னொரு தடவ சொன்னாரு. என் தண்டட்டிக்கு மொதத் தவண வந்து சேந்துச்சு.

உத்தரவு கெடைச்சாச்சு. ஆனா ஆளு நம்ம ஆளுல்ல. அன்னைக்கும் கங்காணி மொடக்குல நிக்கத்தான் செஞ்சாரு. உத்தரவு என்னமா இருந்தாலும் இவன் எறங்குவான்னு அவருக்கு நம்பிக்க. நம்பிக்கையக் கெடுக்காம எங்க ஆளும் எறங்கிட்டாரு. பை வந்து சேந்தப்ப பன்னெண்டே கால்.

"எப்பிடி புள்ள, அவரு நிக்கிறப்ப நான் ஒக்காந்துக்கிட்டே போறது? ஒடம்பு தானா வளையிது."

எனக்கு ஆத்திரம் வந்துச்சு. தலையில நங்குன்னு ஒரு கொட்டு வைக்கலாம்னு பாத்தா எட்டாது. அப்பத்தான் யோசன வந்துச்சு.

"வளையிறதுன்னா வளைங்க. யாரு வேணாம்னா? ஆனா சைக்கிளு மேல இருந்துக்கிட்டே வளைங்க. ஹேண்டிலப் புடிச்சுக்கிட்டு, தலையக் கவுத்து, நெஞ்சு கம்பியத் தொடுற மாதிரி குனிஞ்சு மிதிங்க. அப்பிடி மிதிச்சாத்தான் ஏத்தமும் ஏறும். கங்காணிக்குப் பணிஞ்ச மாதிரியும் ஆச்சு. ஒங்க கண்ணுக்கு அவரு தெரியவும் மாட்டாரு."

"மரியாத கொறையாதா?"

"கோயில்லகூட நீங்க அம்புட்டுக் குனிஞ்சது இல்ல."

"இடிச்சிட்டா?"

"மணிய அடிங்க. விடாம அடிங்க. அதுக்குத்தான பெருசா வாங்குனது."

மரியாத கொறையாதுன்னு தெரிஞ்சதும் அவரு மனசு எறங்குச்சு. மறுநாளு நானும் இன்னும் இருவது பொம்பளைங்களும் மொத மொடக்குக்கு மேலதான் கொழுந்து எடுத்தோம். நான் யாருக்கும் ஒன்னும் சொல்லல. "இன்னைக்கு ரோட்ட ஒரு கண்ணு பாத்துக்கங்கடி"ன்னு மட்டும் சொன்னேன்.

கீழ மணி கேட்டுச்சு. கங்காணி கொடைய விரிச்சுக்கிட்டு நடு ரோட்டுல வந்து நின்னாரு. எங்க ஆளு வளைவுல திரும்புனாரு. தலை ஹேண்டிலுக்கும் கீழ இருக்கு, முதுகு மட்டும் மேல தெரியிது. அந்தச் சீமைத் தொர நீளத்துக்குச் செஞ்ச சைக்கிள்ல அந்த நீட்டுக் காலு ரெண்டும் ஏறி எறங்குறது, ஒலக்க போட்டு இடிக்கிற மாதிரி இருந்துச்சு. வேகமில்ல. நடக்குற வேகந்தான். ஆனா நிக்கல. மணிச் சத்தம் ஓயல.

"டேய்"ன்னாரு கங்காணி.

மணி.

"டேய், நான் நிக்கிறது தெரியல?"

தெரியலதான். இவரு பாக்குறது மொத சக்கரத்த. கங்காணி ஒரு எட்டு பின்னால வச்சாரு. சைக்கிளு ஒரு எட்டு முன்னால வந்துச்சு. இன்னொரு எட்டு. கொடைய முன்னால நீட்டிக்கிட்டே பின்னால பின்னாலயே போறாரு, சந்தையில கெடா மாட்டுக்குப் பின்வாங்குறவன் மாதிரி. திரும்பி ஓடுனா மானம் போகும், நின்னா சக்கரம் ஏறும். பின்னால கான் இருக்குறத அவரு மறந்துட்டாரு. அவரு ஆளவிட்டு வெட்டச் சொன்ன கான்தான். முந்தின நாளு மழ. கொடையோட, கோட்டோட, வெள்ளித் தடியோட உள்ள போயிட்டாரு. கொட மட்டும் வெளிய நின்னுச்சு.

எங்க ஆளு அவரத் தாண்டி மேல போறாரு. குனிஞ்ச தலைய நிமித்தல. இன்னமும் மரியாத பண்ணிக்கிட்டே போறாரு.

இருவது பொம்பளைங்களும் வாய்க்குள்ள முந்தானையத் திணிச்சுக்கிட்டு நின்னாங்க. நான் குனிஞ்சு, "ஐயா, எரும ஏதும் முட்டிருச்சுங்களா?"ன்னு கேட்டேன். அதுக்குமேல அவங்களால அடக்க முடியல.

பதினொன்னே காலுக்குப் பை மேசையில இருந்துச்சு.

கங்காணி சேத்தோட பங்களாவுக்குப் போயி மொறையிட்டாரு. தபால்காரன் என்னப் பாத்தும் எறங்கல, என்னக் கானுல தள்ளிட்டான்னு. அங்க சமையல்ல இருந்த என் கூட்டாளி சொன்னா. தொர அவர மேலருந்து கீழ வரைக்கும் பாத்துட்டு, "நேத்துப் பெரட்டுல நீதானே சொன்னது? நீயே கேக்கல?"ன்னாராம். சேத்துக் காலோட விரிப்புல நிக்காதன்னும் சொன்னாராம்.

மாசத்துல மிச்சமிருந்த நாளு பூரா பை நேரத்துக்கு வந்துச்சு. மாசக் கடைசியில தொர ஒன்னும் சொல்லல. அவரு ஒன்னும் சொல்லலைன்னா தபால் எங்களுதுதான்னு அர்த்தம். மருமகன அதுக்கடுத்த வாரம் கான் வெட்ட அனுப்பிட்டாங்க. நான் அந்தப் பக்கம் போறப்பல்லாம் முதுகு எப்பிடி இருக்குன்னு ஆசையா விசாரிப்பேன்.

தபால்னா கங்காணிக்கும் கடுதாசி வரும்ல. ஊர்ல இருக்குற அண்ணன் தம்பிங்க, வழக்கு, நெலம்னு வாரத்துக்கு ஒன்னாவது வரும். முன்னெல்லாம் இவரு அவரு வீட்டு வாசலுக்குப் போயி, தலைப்பாவ அவுத்துட்டு, படிக்குக் கீழ நின்னு ரெண்டு கையாலயும் நீட்டுவாரு. நான் சொல்லிட்டேன், தபால் நிக்கக் கூடாதுன்னு தொர உத்தரவு, வாசல்ல போயி நின்னீங்கன்னா நம்ம மேல குத்தம் வரும்னு. இவரு நியாயத்துக்குக் கட்டுப்பட்ட ஆளு. அவரு வீட்டுக்கு நேரா ரோட்டுல, சீட்ட விட்டு எறங்காம ஒரு கால மட்டும் தரையில ஊனிக்கிட்டு மணி அடிப்பாரு. கங்காணி எறங்கி வருவாரு. அந்தச் சைக்கிளு ஒசரத்துக்கு, கடுதாசிய வாங்க அவரு கையத் தலைக்கு மேல தூக்கணும். கொஞ்சம் எம்பவும் எம்பணும்.

எனக்குக் கொழுந்து மலைக்குப் போக வேற வழி இருந்துச்சு, கிட்ட வழி. ஆனா கடுதாசி வர்ற நாள்ல, தபால் நேரத்துக்குச் சரியா ஏதாவது சாக்குச் சொல்லி நான் அந்த ரோட்டாலதான் போவேன். சுத்துதான். காலு வலிக்கும். போவேன்.